கம்பெனி பதிவானது சரி, டெபாசிட் வாங்க அனுமதி எங்கே?

கேள்வி: என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து, போன வருடம் 60 வயதில் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் 2 லட்சத்தை, எங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒரு வருட டெபாசிட்டாகப் போட்டார். மாதம் 3 சதவீதம் வட்டி. ஐந்து மாதம் ஆறாயிரம் ஆறாயிரமாகச் சரியாக வந்தது. இரண்டு மாதமாக வரவில்லை. கேட்டால், "சாஃப்ட்வேர் மாத்துறாங்க, பொறுங்க. போலீசுக்குப் போனா அக்கவுண்டை முடக்கிடுவாங்க, அப்புறம் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வராது" என்கிறார். கம்பெனி அரசிடம் பதிவானது என்று ஒரு சான்றிதழையும் காட்டுகிறார்கள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நானும் வேறொரு நிறுவனத்தில் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டி வருகிறேன். இப்போது அதுவும் பயமாக இருக்கிறது. இந்த நிறுவனங்களை அரசு கண்காணிக்கிறதா, இல்லையா? அப்பாவின் பணம் திரும்புமா? மீதி 8 லட்சத்தை எங்கே வைப்பது?
— வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

நீங்கள் அனுப்பிய நகல், கம்பெனிப் பதிவாளர் கொடுக்கும் நிறுவனப் பதிவுச் சான்றிதழ். அது போலி அல்ல என்றே வைத்துக்கொள்வோம். அப்படியே இருந்தாலும், இந்தப் பெயரில் இந்தத் தேதியில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டி, "எனக்கு பஸ் ஓட்டத் தெரியும்" என்று சொல்வது மாதிரிதான் இது. ஜி.எஸ்.டி. எண், உத்யம் சான்று, ஐ.எஸ்.ஓ. முத்திரை, பான் கார்டு என்று சுவர் நிறையச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அவற்றில் ஒன்றுகூட மக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி அல்ல.

கண்காணிப்பு இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மேலாளர் கிடையாது. பணத்தை எந்தப் பெயரில் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கி. உறுப்பினர்களிடம் மட்டும் வாங்கும், பெயரே "நிதி லிமிடெட்" என்று முடியும் கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம். ஏலச்சீட்டு என்றால் மாநிலப் பதிவுத்துறை. இந்த மூன்றில் எதிலும் சேராமல், "நாங்கள் டிரேடிங் செய்கிறோம், லாபத்தில் பங்கு தருகிறோம்" என்பவர்களைத் தினமும் கணக்குப் பார்க்க எந்த அலுவலகமும் இல்லை. அவர்கள் விழுந்த பிறகுதான் சட்டம் பிடிக்கிறது. மோசடிகள் அந்த நான்காவது இடத்தில் குடியேறுவதற்கு இதுவே காரணம்.

உங்கள் அப்பா போட்ட கம்பெனி எதில் சேரும் என்று பார்த்துவிடலாம். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்கள் நிறைய. அவற்றில் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றவை மிகச் சில. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் இருந்தால் போதாது. டெபாசிட் வாங்கலாம் என்ற பட்டியலில் இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து, ஒரு சொல் மாறினாலும் அது வேறு கம்பெனிதான். கடன் கொடுக்க மட்டும் அனுமதி பெற்ற நிறுவனம், "நாங்க ஆர்.பி.ஐ. ரிஜிஸ்டர்டு" என்று மார்தட்டி டெபாசிட்டும் வாங்குவது பழைய தந்திரம்.

பட்டியல் பார்க்கக்கூட வேண்டாம், வட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அனுமதி பெற்ற நிதி நிறுவனங்கள் பொது டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. காலம் 12 மாதத்துக்குக் குறையாமலும் 60 மாதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். உங்களுக்குச் சொன்ன 3 சதவீதம், ஆண்டுக்கு 36. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் அந்த வட்டியைச் சொல்லவே முடியாது.

கம்பெனிச் சட்டத்தின் வழியாக ஏதாவது அனுமதி உண்டா? உண்டு, ஆனால் பெரிய பொது நிறுவனங்களுக்கு மட்டும்: நிகர மதிப்பு 100 கோடியாவது, அல்லது விற்றுமுதல் 500 கோடியாவது இருக்க வேண்டும், அதற்கு மேலும் நிபந்தனைகள் இருக்கின்றன. சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனி தெருவில் போவோர் வருவோரிடம் டெபாசிட் வாங்கவே முடியாது. கம்பெனியாகப் பதிவு செய்யாத கூட்டு வியாபாரமாகவோ தனியாளாகவோ இருந்தால், டெபாசிட் வாங்குவதையே ரிசர்வ் வங்கிச் சட்டம் 1997 முதல் தடுத்திருக்கிறது.

"நிதி லிமிடெட்" என்று பெயர் முடிந்தால் கதை கொஞ்சம் வேறு. அது உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டும் நகை, சொத்து, டெபாசிட் ரசீது போன்ற ஈட்டின் பேரில் கடன் கொடுக்கலாம். 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: டெபாசிட் திரட்டித் தருகிறவருக்கு இந்த "நிதி" நிறுவனம் தரகோ ஊக்கத்தொகையோ கொடுக்கக் கூடாது. டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. சீட்டு நடத்தக் கூடாது. ஆக, ஒரு "நிதி" நிறுவனத்துக்காக ஏஜென்ட் வீடு தேடி வருகிறார் என்றாலே விதி மீறப்பட்டாயிற்று.

இனி உங்கள் தெருக்காரர் சொன்ன விஷயம். "போலீசுக்குப் போனால் முடக்கிவிடுவார்கள்" என்பது உண்மை. "அதனால் யாருக்கும் வராது" என்பதுதான் புரட்டு. முடக்குவதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். 100 பேர் ஆளுக்கு 2 லட்சம் போட்டிருக்கிறார்கள் என்றால் கையில் 2 கோடி. மாத வட்டி மட்டும் 6 லட்சம். உருப்படியான தொழில் ஏதும் இல்லையென்றால், வட்டி கொடுக்க மட்டுமே மாதம் புதிதாக 3 பேர் வந்து ஆளுக்கு 2 லட்சம் போட்டாக வேண்டும். அந்த 3 பேருக்கும் அடுத்த மாதத்திலிருந்து வட்டி. இதற்கு மேல் ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் வாடகை, நட்சத்திர ஓட்டலில் கூட்டம், முதலாளியின் கார். புது ஆள் வரத்து குறைந்த மாதம்தான் "சாஃப்ட்வேர் மாற்றும்" மாதம். அந்த நாளில் இருந்து மிச்சப் பணம் வேறு பெயர்களுக்கு நகர ஆரம்பிக்கும். நீங்கள் பொறுத்திருக்கும் ஒவ்வொரு வாரமும், முடக்குவதற்கு இருக்கும் சொத்து குறைகிறது.

தமிழ்நாடு இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடப்பட்டபோது, டெபாசிட்தாரருக்கு இருந்த வழிகள் இரண்டு: மோசடி என்று போலீசில் புகார், இல்லையென்றால் சிவில் வழக்கு. முதலாவதில் ஆள் உள்ளே போவான், பணம் வராது. இரண்டாவதில் தீர்ப்பு வரும், அதற்குள் சொத்து இருக்காது. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். நீதிமன்ற வட்டாரத்தில் டி.என்.பி.ஐ.டி. என்பார்கள். மகாராஷ்டிராவின் இதே மாதிரிச் சட்டத்தை, மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-இல் ரத்து செய்தது. அதைக் காட்டி நம் சட்டத்தையும் எதிர்த்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனவே "இந்தச் சட்டம் கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் இடம் ஐந்தாவது பிரிவு. அசலைத் திருப்பித் தராதது மட்டுமல்ல, வட்டியைக் கொடுக்கத் தவறியதும் குற்றம். "டெபாசிட் பாண்ட் முதிர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை நீங்கள் கேட்க முடியாது" என்ற பேச்சு இங்கே எடுபடாது. இரண்டு மாத வட்டி நின்றதே புகாருக்குப் போதும். தண்டனை 10 ஆண்டு வரை சிறை. மூன்றாவது பிரிவின்படி அரசு ஆணை பிறப்பித்து நிறுவனத்தின் சொத்தையும், பொறுப்பாளர்களின் சொந்தச் சொத்தையும் முடக்கலாம். கெட்ட நோக்கத்தோடு மனைவி பேருக்கும் மைத்துனன் பேருக்கும் மாற்றிய சொத்தையும் எட்டாவது பிரிவு துரத்திப் பிடிக்கிறது. முடக்கிய சொத்து, தகுதிவாய்ந்த அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலரின் பொறுப்புக்கு வரும். அவர் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட்டு முடக்கத்தை உறுதி செய்து, ஏலத்துக்குக் கொண்டுபோய், கிடைப்பதை டெபாசிட்தாரர்களுக்குப் பங்கிடுவார். சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, மதுரை, கோவையில் இருக்கின்றன.

2019-இல் மத்திய அரசும் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் ஒரு முக்கிய மாற்றம்: ஏமாற்றிய பிறகு அல்ல, அனுமதியில்லாமல் வாங்குவதே குற்றம். வட்டி தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தாலும் குற்றம்தான். வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு, மோசடியாகத் திருப்பித் தராமல் போனால் 3 முதல் 10 ஆண்டு. டெபாசிட் என்பதற்கு அதில் கொடுத்த விளக்கமும் அகலமானது. பணமாகவோ பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியது எல்லாம் சேரும். "நாங்கள் டெபாசிட் வாங்கவில்லை, பங்குதாரராகச் சேர்த்தோம், கடனாக வாங்கினோம், ஈமு குஞ்சு வளர்க்கக் கொடுத்தோம்" என்று பெயரை மாற்றித் தப்பிப்பது இப்போது கடினம். பெருந்துறைப் பக்கம் 2012-இல் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தது நினைவிருக்கும். 2022-இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் கம்பெனி விவகாரத்தில் மாதம் 25, 30 சதவீதம் வரை என்றார்கள். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி வாங்கியதாகப் போலீஸ் சொன்னது.

சரி, அப்பா என்ன செய்ய வேண்டும்? முதலில், புகார் உங்கள் பெயரில் போகக் கூடாது. பாண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் புகார்தாரர். நீங்கள் துணைக்குப் போகலாம். பாண்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால், இரண்டும் ஒருவரே என்று புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பின்னால் பணம் பங்கிடும் கட்டத்தில் இந்த இனிஷியல் சிக்கலால் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

பாண்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து இன்றே படம் எடுங்கள், நகலும் எடுங்கள். பணம் போன நாள் தொடங்கி இன்றுவரை வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியின் முத்திரையோடு வாங்குங்கள். அதில் கம்பெனிக்குப் போன 2 லட்சத்தையும் வந்த ஐந்து ஆறாயிரத்தையும் பென்சிலால் குறியுங்கள். வட்டி எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். கம்பெனி கணக்கிலிருந்து வராமல் யாரோ ஒரு தனியாளின் கணக்கிலிருந்து வந்திருந்தால், விசாரணைக்கு அது தங்கம். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அதற்காக வங்கியில் எடுத்த தேதி, கொடுத்த இடம், உடன் இருந்தவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டெபாசிட்டை ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் வாங்கியவர்தான் மாட்டுவார், அதற்காக அப்பா பயந்து மறைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள். ஃபோனை மாற்றுவதையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். பேச்சை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்று தேவைப்படும். மூல ஃபோன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம். ஏஜென்ட் "பொறுங்க" என்று ஃபோனில் சொல்வதை விட எழுத்தில் சொல்ல வைப்பது நல்லது. "அண்ணே, ரெண்டு மாச வட்டி 12,000 எப்ப வரும்னு அப்பா கேக்கச் சொன்னாரு" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். என்ன பதில் வந்தாலும், வட்டி பாக்கி இருப்பதற்கு அதுவே சாட்சி.

கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு, கிளை முகவரிக்கு அல்ல, அசலையும் வட்டியையும் கேட்டு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதிவு முகவரி கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். "ஆள் இல்லை" என்று கடிதம் திரும்பினால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். அதற்காகப் பதில் வரட்டும் என்று புகாரை நிறுத்திவைக்காதீர்கள். கடிதமும் புகாரும் ஒரே வாரத்தில் போகலாம்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு. இதற்காகவே தனிப்பிரிவாக இயங்குகிறது. மாவட்டங்களிலும் அலுவலகம் உண்டு. புகார் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார், எந்தத் தேதியில், எங்கே வைத்து, என்ன சொன்னார், எவ்வளவு, எப்படிக் கொடுத்தோம், என்ன வந்தது, எப்போது நின்றது, கேட்டதற்கு என்ன சொன்னார்கள். இந்த வரிசை போதும். "மாபெரும் மோசடிக் கும்பல்" என்பது போன்ற அடைமொழிகள் பக்கத்தைத்தான் நிரப்பும். தொகையில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, வரவேண்டிய எதிர்கால வட்டியையும் சேர்த்து 2 லட்சத்தை 2.72 லட்சம் ஆக்கிவிடுவது. மற்றது, வாங்கிய 30,000-த்தைச் சொல்லாமல் விடுவது. போலீஸ் கையில் கம்பெனியின் கணக்குப் புத்தகம் வந்ததும் இரண்டுமே தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் மற்றதிலும் சந்தேகம் விழும். அசல் 2,00,000, பெற்ற வட்டி 30,000, நின்ற மாதங்கள் இரண்டு என்று உள்ளதை எழுதுங்கள்.

மூல பாண்டைப் போலீஸ் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, அதில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இதே கம்பெனி மேல் வழக்குப் பதிவாகியிருந்தால் அப்பாவின் புகாரை அதிலேயே சேர்ப்பார்கள்; தனி எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. குற்ற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், இனி எல்லா மனுவிலும் அதுதான் முகவரி. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் ஒரு புகாரைப் பதிந்துவிடலாம். அது சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். ரிசர்வ் வங்கி பணத்தை மீட்டுத் தரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது அவர்கள் வேலையல்ல.

வரப்போகும் தேதியைப் போட்ட செக் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று அப்பாவைக் கேளுங்கள். கொடுத்திருந்தால் அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். செக் திரும்பினால், வங்கி தரும் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தனியாக நடக்கும். வழக்குப் போடுவதில் ஒரு நாள் தவறினாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீதிமன்றத்திடம் மன்றாட வேண்டியிருக்கும்.

இந்த நேரத்தில் கம்பெனி சும்மா இருக்காது. "பழைய பாண்டைக் கொடுங்கள், புது பாண்ட் தருகிறோம்" என்பார்கள். "பணத்துக்குப் பதிலாக மனை எழுதித் தருகிறோம்" என்பார்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே செக் என்பார்கள். உண்மையிலேயே பணம் கொடுக்க வந்தால் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. பணம் கணக்கில் ஏறும் முன் பாண்டையும் கையெழுத்தையும் கொடுக்காதீர்கள். இன்னொன்று கொஞ்சம் கசப்பானது: அப்பா மூலம் வேறு யாராவது சேர்ந்திருக்கிறார்களா? சேர்ந்திருந்தால், அவர்களிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பொய் என்று தெரிந்தே ஆசை காட்டிப் பணம் போட வைத்தவர், கம்பெனி ஆளாக இருக்க வேண்டியதில்லை, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவரும் குற்றவாளிதான்.

பணம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாகத் திரும்பும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருடைய கோரிக்கையும் சேர்ந்து 20 கோடி, முடக்கிய சொத்து ஏலத்தில் 6 கோடிக்குப் போனது என்று வைத்தால், ரூபாய்க்கு 30 காசு, அப்பாவுக்கு 60,000. சொத்தின் மேல் வங்கி அடமானம் இருந்தால் அது முந்திக்கொள்ளும். ஆண்டுகள் ஆகும். சீக்கிரம் புகார் வந்த வழக்குகளில் இந்தக் காசு விகிதம் கூடும், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. "ஐயாயிரம் கட்டினால் உங்கள் டெபாசிட்டை ரிலீஸ் செய்து தருகிறோம்" என்று பிற்பாடு யாராவது ஃபோன் செய்தால், அது இரண்டாவது மோசடி.

உங்கள் ஏலச்சீட்டுக்கு வருவோம். மேலே சொன்ன பயத்தை அப்படியே இதன் மேல் ஏற்ற வேண்டாம். பதிவான சீட்டு, 1982-ஆம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ், மாநிலப் பதிவுத்துறையின் கண்ணில் நடப்பது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: நிறுவனம் பதிவானதா என்று கேட்டால் பாதிக் கேள்விதான். ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, தொடக்கச் சான்றிதழ் பெற வேண்டும். பத்துக் குழுவைப் பதிவு செய்துவிட்டு, பதினொன்றாவதைப் பதியாமல் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அந்தப் பதினொன்றில் நீங்கள் இருந்தால் மற்ற பத்தின் பதிவு உங்களுக்கு உதவாது. எனவே உங்கள் சீட்டுப் புத்தகத்திலுள்ள குழு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் குழுவின் முன் அனுமதி எண்ணையும் தொடக்கச் சான்றிதழையும் கேளுங்கள். பதிவான ஒப்பந்தத்தின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்த எண்ணோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஏன் குழு எண் இவ்வளவு முக்கியம் என்றால், பிணையம் குழுவோடு கட்டப்பட்டது. 5 லட்சம் சீட்டு தொடங்கும் முன், நடத்துகிறவர் அந்த 5 லட்சத்துக்கு ஈடாகப் பதிவாளர் பெயரில் வங்கி டெபாசிட் போன்ற பிணையம் வைக்க வேண்டும். குழுவைப் பதியாவிட்டால் அந்தப் பிணையமே கிடையாது.

கணக்கையும் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். 25 பேர், மாதம் 20,000, 25 மாதம், சீட்டுத் தொகை 5 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். இந்த மாதம் ஒருவர் 1 லட்சம் தள்ளி எடுக்கிறார் என்றால் அவருக்கு 4 லட்சம். தள்ளிய 1 லட்சத்தில் நடத்துகிறவரின் கமிஷன் 5 சதவீதம் என்றால் 25,000 போக மீதி 75,000. அதை 25-ஆல் வகுத்தால் ஆளுக்கு 3,000 கழிவு. நீங்கள் கட்ட வேண்டியது 17,000. கமிஷனின் சட்ட உச்சவரம்பு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம். ஒப்பந்தத்தில் என்ன சதவீதம் போட்டிருக்கிறதோ அதன்படி கழிவு சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஏலத்தில் குறைந்தது இரண்டு சந்தாதாரராவது, நேரிலோ காணொளியிலோ, இருந்தாக வேண்டும். "யாரும் வரலைங்க, நாங்களே முடிச்சிட்டோம்" என்று மாதா மாதம் சொல்கிறார்களா? அப்படியானால் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லும் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஆபத்து வழக்கமாக வருவது நீங்கள் எடுத்த பிறகு. உத்தரவாதம் கொடுத்த பின்னும் "இந்த மாசம் டைட், அப்படியே எங்ககிட்டயே டெபாசிட்டா போட்டு வைங்க, ஒன்றரை வட்டி தர்றோம்" என்பார்கள். சீட்டுக் கம்பெனி சீட்டைத் தவிர வேறு தொழில் செய்யக் கூடாது. பொது டெபாசிட் வாங்கவும் கூடாது. அதில் சம்மதித்த நிமிடமே நீங்கள் பதிவுத்துறையின் பாதுகாப்பிலிருந்து வெளியேறி, அப்பா இருக்கும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். எடுத்த தொகை தராமல் இழுத்தால் சீட்டுப் பதிவாளரிடம் தகராறு மனுப் போடலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று தெருவில் நோட்டுப் போட்டு நடப்பவை இந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை.

மீதி 8 லட்சம். அப்பாவுக்கு 60 வயது ஆகிவிட்டதால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மொத்தமாகவே போடலாம். வரம்பு 30 லட்சம், ஐந்து ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, பொறுப்பு மத்திய அரசுடையது. அஞ்சலகத்திலும் பெரிய வங்கிகளிலும் கிடைக்கும். அவசரத்துக்குக் கையில் வேண்டும் என்று ஒரு பகுதியை வங்கியில் போட்டால், ஒரு வங்கியில் எல்லாக் கிளையும் சேர்த்து அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை மனத்தில் வையுங்கள். நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. அப்பாவின் சக ஊழியர்கள் தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகத்தில் போட்டிருப்பார்கள், அவரிடமும் சொல்லியிருப்பார்கள். அது மாநில அரசுக்குச் சொந்தமான, டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிதி நிறுவனம். வங்கிக் காப்பீடு அதற்கும் கிடையாது; அரசு நிறுவனம் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதியைப் போடுவதானால் போடலாம், எட்டையும் அதில் போட நான் சொல்ல மாட்டேன். எங்கே போட்டாலும் படிவத்தில் நாமினி பெயரை எழுதி, ரசீதில் அது அச்சாகி வந்திருக்கிறதா என்று கவுண்ட்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.